வீட்டுக்குள் வந்த சின்ன நாய்

வன்னியில் நாய் இல்லாத வளவு குறைவு. வேலி அடைத்திருக்கிறதோ இல்லையோ, படலையடியில் ஒரு நாய் படுத்திருக்கும். குரங்கைக் கலைக்கவும், இரவில் பன்றி வந்தால் சத்தம் கொடுக்கவும், கமக்காரரோடு வயலுக்குப் போய்வரவும் அது வேண்டியிருந்தது. அதற்கென்று யாரும் தனியாகச் சமைத்ததில்லை. மிஞ்சிய சோறும் மீன் தலையும் சாப்பாடு. கோடிப்புறத்துச் சாம்பல் மேடு படுக்கை. விறாந்தையில் கால் வைத்தால் தும்புத்தடி பறக்கும்.

வீடுகளைத் தரிசிக்கச் செல்லும் நாம் இப்போது வேறொரு நாயையும் காண்கிறோம். எமது மக்கள் அதைச் 'சடை நாய்' என்கிறார்கள். பொமரேனியன் கொஞ்சம், ஊர் நாய் கொஞ்சம். சிலவற்றில் குட்டைக் காலும் நீண்ட முதுகும் கொண்ட டாஷண்ட் இனத்தின் சாயல். நாலு தொடக்கம் எட்டுக் கிலோ நிறை. வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ உறவினர் ஒருவர் பயணப் பைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்திருப்பார். அது சாம்பல் மேட்டில் படுப்பதில்லை. கதிரையில் படுக்கிறது, சில வீடுகளில் கட்டிலிலும் படுக்கிறது.

இதைப் பார்த்து, "சனத்துக்கு வசதி வந்திட்டுது" என்று நையாண்டி செய்பவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. எந்தெந்த வீடுகளில் இந்த நாய்கள் இருக்கின்றன என்று பார்த்தால் காரணம் விளங்கும். பிள்ளைகள் எல்லோரும் கடல் கடந்துவிட்ட வயோதிபர் வீடு. கணவரை இழந்த பெண் தனியே குடும்பம் நடத்தும் வீடு. வெடிச்சத்தத்தில் வளர்ந்து இன்றும் இரவில் விழித்துக்கொள்ளும் ஒருவர் இருக்கும் வீடு. "இதுதான் பாதர் எனக்குப் பேச்சுத்துணை" என்று ஓர் ஆச்சி சொன்னபோது அவர் மிகைப்படுத்தவில்லை. அன்று காலையிலிருந்து அவர் பேசிய ஒரே உயிர் அதுதான்.

எமது மக்களுக்கு நாயைப் பிரிந்த கதைகளும் நிறைய உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் வெளியேறியபோது, சங்கிலியைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் பலர். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தார்கள். 1996இல் கிளிநொச்சி நகர மக்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சிதறினார்கள். 2008, 2009இல் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வோர் இடமாகப் பெயர்ந்தவர்களின் உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்னால் நாய்கள் ஓடிவந்ததையும், ஒரு கட்டத்தில் அவை ஓடிவராததையும் இன்றும் சொல்லக் கேட்கலாம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கிருந்து மீண்டவர்கள் காணியைத் துப்புரவாக்கி, தகரக் கொட்டில் போட்டு, பிறகு கல்வீடு கட்டி, அதன் பிறகுதான் நாய்க்குட்டியை நினைத்தார்கள். ஆகவே சடை நாயை ஆடம்பரம் என்று தள்ளிவிடுவது சரியல்ல.

நாயோடு மனிதனுக்குள்ள உறவு எமது வழிபாட்டு மரபுகளுக்கும் புதிதல்ல. வன்னிக் கிராமத்தில் மரத்தடிக்கு மரத்தடி இருக்கும் வைரவருக்கு நாய்தான் வாகனம். பாரதத்தில் தருமர் நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தார். விவிலியத்தின் தோபித்து நூலில் இளைஞன் தோபியா தூரப் பயணம் புறப்பட்டபோது வானதூதரோடு நாயும் கூடவே நடந்தது.

ஆனால் பாசம் வேறு, பராமரிப்பு வேறு. ஊர் நாயை வளர்த்த பழக்கத்தையே சின்ன நாய்க்கும் வைத்துக்கொண்டு, அதன் மேல் பிஸ்கற்றை மட்டும் கூட்டியிருக்கிறோம். இந்த நாய்களில் பல நாலைந்து வயதில் செத்துப்போவதற்கு இதுவே காரணம். ஒழுங்காகப் பார்த்தால் சிறிய உடம்புள்ள நாய் 12 தொடக்கம் 15 வருடம் வரை வாழக்கூடியது.

சாப்பாடு

முதலில் அளவை விளங்கிக்கொள்ள வேண்டும். முப்பது கிலோ நாய் தின்று சமாளித்துவிடும் ஒரு பொருள் ஐந்து கிலோ நாயைக் கொல்லலாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கின்றன. சமைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. எமது கறிகளில் வெங்காயம் இல்லாதது எது? ஆகவே கறிச்சட்டி வழித்த சோறு சின்ன நாய்க்கு ஏற்றதல்ல. வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் சொக்கிளேற், அதிலும் கறுப்புச் சொக்கிளேற், இதயத்தையும் நரம்பையும் தாக்கும். பொங்கலில் போடும் முந்திரிகை வற்றல் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பொங்கலன்று பிள்ளைகள் அன்பு மேலீட்டால் ஊட்டிவிடுவது இதைத்தான். காய்ச்சல் என்று அரைப் பனடோல் கொடுப்பவர்களும் உண்டு. மனித மாத்திரை எதையும் கால்நடை வைத்தியரைக் கேளாமல் கொடுக்கக் கூடாது.

கொடுக்கக்கூடியது எமது அடுப்படியிலேயே இருக்கிறது. கறிக்கு உப்புப் புளி சேர்க்குமுன் இரண்டு மூன்று மீனை எடுத்துத் தனியே அவித்து, முள்ளை நீக்கிச் சோற்றோடு பிசைந்தால் போதும். ஒருநாள் முட்டை, ஒருநாள் கோழி இறைச்சி, கொஞ்சம் பூசணி அல்லது கரட், அவித்த பருப்பு என்று மாற்றலாம். சோறு மட்டும் கொடுத்தால் வயிறு நிரம்பும், தசை வளராது. சமைத்த கோழி எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் கிழிக்கும். அதை அடுப்பில் போட்டு எரித்துவிடுவது நல்லது. வளர்ந்த நாய்க்கு நாளுக்கு இரண்டு வேளை. நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு மூன்று நாலு வேளை சிறிது சிறிதாக. சின்ன இனக் குட்டி நீண்டநேரம் பசியோடு இருந்தால் இரத்தத்தில் சீனி குறைந்து சோர்ந்து விழும். கொழுக்க விடவும் வேண்டாம். நீண்ட முதுகு நாய் கொழுத்தால், கட்டிலிலிருந்து குதித்த ஒரு குதியில் முள்ளந்தண்டு பழுதாகிப் பின்கால் இழுபடும்.

வெயில்

நாய்க்கு எம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. வைகாசி, ஆனியில் சோளகம் வீசும்போது தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் கட்டிவைத்த சடை நாய் அடுப்புக்குள் இருப்பது போலத்தான். மரநிழலும், மண்சட்டியில் எந்நேரமும் தண்ணீரும் வேண்டும். வெக்கைக்கு மயிரை முழுதாக வழிப்பது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். பொமரேனியன் வழி நாய்க்கு அந்தச் சடைதான் வெயிலைத் தடுக்கும் குடை. சீவிச் சிக்கெடுத்தால் காற்று உள்ளே போகும். வாய் நுரைத்து, நாக்குச் சிவந்து, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும்.

இரவில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். காட்டோரக் கிராமங்களில் சிறுத்தை விரும்பித் தூக்கும் இரைகளில் நாயும் ஒன்று. குளக்கட்டில் குளிக்கப் போகும்போது கூட்டிப்போவதும் ஆபத்து. முதலைக்குச் சின்ன நாய் ஒரு வாய்.

உண்ணியும் கழிவு ஒயிலும்

எமது பகுதியில் சின்ன நாய்க்குப் பெரிய எதிரி உண்ணி. ஊர் நாயின் குட்டை மயிரில் உண்ணி கண்ணுக்குத் தெரியும். சடைக்குள் காது மடலிலும் விரலிடுக்கிலும் கழுத்துப் பட்டிக்குக் கீழும் ஒளிந்திருந்து ஊதிப் பெருக்கும். பெண் உண்ணி நிறைய இரத்தம் குடித்தபின் நாயைவிட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் மண் திண்ணை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாயை மட்டும் கழுவிவிட்டுப் படுக்கும் இடத்தை விட்டுவைத்தால், இரண்டு கிழமையில் பழையபடி ஆகிவிடும். சாக்கை வெந்நீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். சுவர் வெடிப்பைப் பூசி அடையுங்கள்.

உண்ணி இரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. பபீசியா, எர்லிக்கியா என்ற கிருமிகளை நாயின் இரத்தத்தில் விடுகிறது. சாப்பாட்டில் மனமில்லாமை, காய்ச்சல், முரசு வெளிறுதல், மூக்கால் இரத்தம் வடிதல், சிறுநீர் கறுத்துப் போதல் ஆகியவை அதன் அறிகுறிகள். நேரத்தோடு கொண்டுபோனால் மருந்து உண்டு. "இரண்டு நாள் பார்ப்பம்" என்று வைத்திருந்த நாய்கள்தான் பெரும்பாலும் சாகின்றன.

இங்கே ஒரு விடயத்தைக் கண்டித்தே எழுதவேண்டியிருக்கிறது. சொறிக்கும் உண்ணிக்கும் உழவு இயந்திரத்தின் கழிவு ஒயிலைப் பூசுவது வன்னியில் பழைய வைத்தியம். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுபவர்களும் இருக்கிறார்கள். உண்ணி செத்துவிடும் என்பது உண்மைதான். நாய் தன் உடம்பை நக்கும், தோலாலும் நஞ்சு உள்ளே போகும். ஐந்து கிலோ உடம்பு அதைத் தாங்காது. மாட்டுக்குப் போடும் உண்ணி ஊசியை 'கொஞ்சமாக' நாய்க்கும் போடுவது இன்னொரு தவறு. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது வைத்தியருக்குத்தான் தெரியும். நாய்க்கென்றே கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் விழுங்கக் கொடுக்கும் மாத்திரையும் கடைகளில் கிடைக்கின்றன. நாயின் நிறையைச் சொல்லி வாங்க வேண்டும். வாங்க வழியில்லாதவர்கள் பின்னேரத்தில் கால் மணித்தியாலம் நாயை மடியில் வைத்து விரலால் தடவித் தேடுங்கள். பிடித்த உண்ணியை நசுக்காமல் சவர்க்காரத் தண்ணீர் உள்ள சிரட்டையில் போடுங்கள். காசில்லாத இந்த வைத்தியத்துக்கு ஈடான மருந்தை நாம் காணவில்லை.

குடற்புழுவையும் மறக்கக் கூடாது. நாயில் வாழும் கொழுக்கிப் புழு ஒன்றுக்கு இலங்கையின் பழைய பெயரையே சூட்டியிருக்கிறார்கள்: அன்கைலொஸ்ரோமா சிலானிக்கம். 1911இல் விவரிக்கப்பட்ட இது நாய், பூனையிலிருந்து மனிதருக்கும் வரக்கூடியது. முற்றத்தில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளை உள்ள வீட்டில் நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுப்பது அந்தப் பிள்ளைக்கான வைத்தியமும்தான்.

"அது படலைக்கு வெளியில போறேல்லையே"

நாம் இக்கட்டுரையை எழுத முக்கிய காரணம் இந்த வசனந்தான். ஊர் நாய்க்கு ஊசி போட அழைத்தால் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். சடை நாய் வைத்திருப்பவரைக் கேட்டால், "அது படலைக்கு வெளியில போறேல்லையே பாதர், பிறகென்னத்துக்கு ஊசி?" என்கிறார்கள். நாய் வெளியே போகாமல் இருக்கலாம். வெளியே உள்ளது உள்ளே வருமே! வேலிப் பொட்டுக்குள்ளால் கீரி வரும். காட்டோர வளவுக்குள் நரி வரும். தெருவில் விட்டுப்போன குட்டி பசியில் நுழையும். நீர்வெறுப்பு நோய் இவை எல்லாவற்றிலும் வரக்கூடியது. சின்ன நாய் துணிச்சல் கூடியது, கீரியைக் கண்டால் விடாது. பிறகு அதே வாயால் ஆச்சியின் கையை நக்கும், பேரப்பிள்ளையின் முகத்தை நக்கும். சாம்பல் மேட்டில் படுத்த நாயைவிட, கட்டிலில் படுக்கும் நாய்க்கே தடுப்பூசி அவசரம்.

இந்த நோயின் அறிகுறி மனிதரில் தோன்றிவிட்டால் காப்பாற்ற மருந்தில்லை. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதனால் இறப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் நோய் வந்தது நாயால். கடிபடுபவர்களில் பத்துக்கு நாலு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குப் பெருமளவில் ஊசி போட்டதால்தான் அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. பாரிஸ் நகரில் 1885 ஜூலை 6ஆம் திகதி ஒன்பது வயதுச் சிறுவன் யோசப் மைஸ்ரருக்கு லூயி பாஸ்ரர் முதன்முதலாக இத்தடுப்பு மருந்தைக் கொடுத்தார். அத்தனை ஆண்டுகள் கடந்தும் எமது நாட்டில் ஒருவராவது இதனால் சாவது வெட்கத்துக்குரியது.

ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போடப்பட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறார்கள். அந்த எழுபதில் சடை நாயும் சேரவேண்டும், குட்டியும் சேரவேண்டும். மூன்று மாதம் ஆகாத குட்டிகளையும் விடாமல் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன்பின் வருடந்தோறும். அரசின் தடுப்பூசி முகாம்களில் இதை இலவசமாகவே போட்டு வந்திருக்கிறார்கள். திகதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ கேட்டறியலாம். ஊசி போட்ட காட்டைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். (குட்டிகளை இரத்தக் கழிச்சலால் கொல்லும் பார்வோ நோய்க்கு வேறு ஊசி, அதற்குப் பணம் செலவாகும், இயலுமானவர்கள் அதையும் போடுவது நல்லது.)

கடித்தால், ஏன் பல் கீறினாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லாவிட்டால் ஒருவர் கிணற்றில் அள்ளி ஊற்ற மற்றவர் கழுவலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, சாம்பல் எதுவும் வைக்க வேண்டாம். பார்வை பார்க்கப் போவதென்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தபின் போகலாம். மனிதருக்கான ஊசி அரச வைத்தியசாலைகளில் இலவசம். நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அதனால்தான் பலர் கடியை மறந்துவிடுகிறார்கள். "குட்டிதானே, விளையாட்டுக்குக் கடித்தது" என்பதை ஒரு காரணமாக எடுக்க வேண்டாம். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்துப் பத்து தொடக்கம் பதினான்கு நாள் பாருங்கள்; அதற்குள் அது இறந்தால் உடனே அறிவியுங்கள்.

பெட்டைக் குட்டிகள்

கடுவன் குட்டிக்கு ஆள் வரிசையில் நிற்கும். பெட்டைக் குட்டியை எவரும் கேட்பதில்லை. அவை உரப் பையில் கட்டப்பட்டு ஏ9 வீதி மதகடியிலும், சந்தைக்குப் பின்னாலும், கோயில் வாசலிலும் வந்து சேர்கின்றன. கோயில் வாசலில் விடுபவர்கள் அதைப் பாவமாக நினைப்பதில்லை என்பதே எமக்குள்ள மனவருத்தம். "சுவாமி பார்த்துக்கொள்வார்" என்று எண்ணுகிறார்கள். சுவாமியின் வீட்டுக்கும் கொள்ளளவு உண்டு. 2006ஆம் ஆண்டு தொடக்கம் தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. அது நல்லது. ஆனால் நாம் வீசும் ஒவ்வொரு பெட்டைக் குட்டியும், தப்பிப் பிழைத்தால், ஒரு வருடத்துக்குள் தெருவில் குட்டி போடும்; அவற்றுக்கு ஊசி போட யாரும் பிடித்துவரப் போவதில்லை.

சின்ன நாய்க்கு இதில் இன்னோர் ஆபத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவம் வரும்போது, வேலிப் பொட்டுக்குள்ளால் வருவது பெரிய ஊர்க் கடுவன். அறுபத்து மூன்று நாளளவில் பெரிய தலையுள்ள குட்டியைச் சின்ன இடுப்பால் ஈன முடியாமல் தாயும் சேர்ந்து சாகும். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. கர்ப்பப்பைப் புண்ணும் வராது. நேரத்தோடு செய்தால் முலைக் கட்டியும் அரிது. "ஒருக்கால் குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது" என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கால்நடை வைத்திய அலுவலகங்களும் சில தொண்டு அமைப்புகளும் காலத்துக்குக் காலம் முகாம் வைக்கின்றன. ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஓர் ஓட்டோ பிடித்தால் செலவு பெரிதல்ல.

இறுதியாக, எம்மிடம் அடிக்கடி வரும் ஒரு பிரச்சினை. மேலே சொன்ன ஆச்சிக்குக் கடந்த மாரியில் நெஞ்சுச் சளி கட்டியபோது அவர் ஆஸ்பத்திரியில் தங்க மறுத்துவிட்டார். மருந்துக்குப் பயமில்லை, நாயை யார் பார்ப்பது என்பதே கேள்வி. மகன் கனடாவிலிருந்து தொலைபேசியில் கத்தினார். பயனில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "நான் என்ரை வீட்டை கொண்டுபோறன் ஆச்சி, நீங்கள் போங்கோ" என்று நாயைத் தூக்கிய பிறகுதான் அவர் வாகனத்தில் ஏறினார். இப்படி வைத்தியத்தைத் தள்ளிப்போடும் முதியவர்கள் ஒருவர் இருவரல்ல. கிராமத்தில் இதை முன்கூட்டியே பேசிவைப்பது சிறு காரியம். செய்யாவிட்டால் ஓர் உயிர் போகலாம்.

அந்தக் கிராமத்தின் மாதர் சங்கம் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறது. முதல் நிரலில் நாயின் பெயர்: ஜிம்மி, டைகர், வெள்ளைச்சி, மீண்டும் ஜிம்மி. இரண்டாவதில் ஊசி போட்ட திகதி. மூன்றாவதில், வீட்டுக்காரர் இல்லாத நாளில் பார்ப்பவர் பெயர். ஆச்சியின் வரியில் அந்தப் பையனின் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். அவன் உயர்தரப் பரீட்சை முடித்து வெளியூர் போனால் அழித்துவிட்டு வேறு பெயர் எழுதலாம் என்று.